மதினியும் நானும் ஊதிய குழாய்

சனிக்கிழமை, இஷா தொழுத பின்.

விறகுப் புகை நுரையீரலையும் இரத்தக் குழாயையும் என்ன செய்கிறது என்று ஆராயும் டொக்டர்ப் பெண்பிள்ளை இன்றும் எங்கள் எத்தாளை ஊருக்கு வந்தது. நேற்று அதன் குழாயில் ஊதிய மதினி, மூச்சுப் போதாது என்று கேட்டதிலிருந்து உயிர் போய் மௌத்தாகப் போவதாக அழுதுகொண்டு கிடக்கிறாள். இன்று நானும் பயந்துகொண்டே ஊதினேன்.

"ஏன் உம்மா இவ்வளவு மெல்லமா?"

"நோவுக்குக் குர்ஆன் ஓதித் தண்ணியில ஊதுறது இப்புடித்தானே, மகள்."

பிள்ளை சிரித்துவிட்டது. "அடுப்பு ஊதுறாப்போல ஊதுங்க."

ஊதினேன். மெசினில் கோடு விறுவிறுவென்று ஏறியது. நெஞ்சு நல்லாயிருக்காம்.

மதினியும் ஓதி ஊதுறாப்போல மெல்லத்தான் ஊதியிருப்பாள். விடிந்ததும் போய்ச் சொல்ல வேண்டும். என் மகன் கலியாணத்துச் சோறு புகை நாறியதென்று ஊரெல்லாம் சொன்னவள். முதலில் அதைக் கேட்டுவிட்டுத்தான் சொல்லுவேன்.