பெயர் எழுதாத அறை

நேற்றுப் பின்னேரம் உன் லிப்டுக்குள் அகப்பட்டுக்கொண்டேன். லண்டனின் பார்க்கிங் பகுதியில் நீ குடியிருந்த அதே மாடிக்கட்டடம், அதே லிப்ட். இரண்டு மாடிகளுக்கு நடுவில் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. டெட்டோல் மணமும், எனக்கு முன்னால் யாரோ ஏற்றிச்சென்ற பொரித்த கோழியின் மணமும் கலந்து மூக்கில் ஏறின. அந்த மணம் வந்ததுதான் தாமதம், நீ பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தது. "பட்டனை அமத்திக்கொண்டு நிக்காதையடி, கோவிச்சுக்கொண்டால் பிறகு அசையாது" என்று இந்தப் பெட்டியைப் பற்றி எத்தனை தரம் சொல்லியிருப்பாய்! நான் அட்டையால் ஒட்டிச் செய்த மண்டபத்தின் மாதிரியை நெஞ்சோடு அணைத்தபடி, ஆள் வரும்வரை மூலையில் குந்தியிருந்தேன்.

உன் அம்மாவிடம் காட்டத்தான் அதைக் கொண்டுபோனேன். காட்டியபின், பொழுதுபட நடக்கும் கூட்டத்துக்கு முன்னால், அதிலிருந்து ஓர் அறையைக் கழற்றவேண்டும். எந்த அறை என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை.

இந்த வேலைக்குள் என்னை இழுத்துவிட்டவள் நீ. சனசமூக மண்டபம் கட்ட கவுன்சில் ஒரு துண்டு நிலம் தருகிறது என்று கேள்விப்பட்ட அன்றே நான் இருக்கும் சட்டனுக்கு ரயில் ஏறி வந்து, என் வீட்டுக் கதிரையில் சப்பாணி கட்டி இருந்துகொண்டு, "நீ கட்டடக்கலை படிச்சது வசதியான ஆக்களின்ர சமையல் குசினியைப் பெருப்பிச்சுக் குடுக்கவோ?" என்று கேட்டாய். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அடுத்த கிழமையே உன்னோடு வந்து நிலத்தைப் பார்த்தேன் என்பது வேறு கதை.

நிலமா அது! பின்னால் ரயில் பாதை, முன்னால் உங்கள் மாடிக்கட்டடம், இரண்டு பக்கமும் வீடுகள். நடுவில் பழைய கார் கொட்டில்கள் நின்ற ஒடுங்கிய துண்டு. எங்கே கோடு கீறினாலும் யாரோ ஒருவருடைய யன்னல் வெளிச்சத்தை மறித்தது. அதற்குள் எங்கள் ஆட்களுக்குக் கலியாணம் செய்ய மேடை வேண்டும், பிள்ளைகளுக்கு நடன வகுப்பு வேண்டும், பக்கத்து வங்காளிப் பெண்களுக்குத் தையல் வகுப்பு வேண்டும், ஞாயிறு தோறும் பாடும் ஆபிரிக்கச் சபையாருக்கும் இடம் வேண்டும். எல்லோரும் கேட்டு முடித்த பிறகு நீ எழும்பினாய்.

"செத்தவீட்டுக்கும் ஒரு அறை வேணும். கலியாணத்துக்கு மட்டும் மண்டபம் கட்டுறீங்கள், நாங்கள் சாகமாட்டம் எண்டு நினைப்போ?"

நீ விடவில்லை. இந்த லிப்டுக்குள் பிரேதப் பெட்டி நுழையாது, கடைசியாய் ஒருமுறை வீட்டுக்குக் கொண்டுவர வழியில்லை, ரோட்டில் வண்டியை நிற்பாட்டினால் பின்னால் பஸ் ஹோர்ன் அடிக்கிறது, ஒரு மனிசரை வைத்து அழ இந்த ஊரில் ஆறுதலாய் ஓர் இடம் இல்லை என்று சொன்னாய். வெளியே வந்ததும் என் காதுக்குள் குனிந்தாய். "பேரை எழுதாதையடி. எழுதினால் துடக்கு, தீட்டு, அது இதெண்டு நிப்பினம். ஸ்டோர் எண்டு போட்டிட்டுக் கதவை மட்டும் அகலமா வை."

நீ சொன்னபடியே ஸ்டோர் என்று எழுதினேன். தனி வாசலும் வைத்தேன். வண்டி வரக்கூடிய ஒழுங்கை அந்தப் பக்கம் மட்டும் இருந்ததால் வாசலைத் தெற்குப் பார்க்க வைத்துவிட்டேன். வேறு எந்தக் குழுவாக இருந்தாலும் அது கண்ணில் பட்டிருக்காது. எங்கள் மண்டபக் குழுத் தலைவர் அண்ணைக்கு வரைபடத்தை விரித்த உடனேயே பட்டது. "ஸ்டோருக்கு ஏன் பிள்ளை தனி வாசல்? அதுவும் இவ்வளவு அகலமா, தெற்குப் பாத்து?" யமன் திசையென்று அவர் வாயால் சொல்லவில்லை. எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

அவரைக் கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். "நல்ல காரியம் நடக்கிற இடத்தில பிரேதம் வைச்சால் ஆர் புக் பண்ணுவினம்? புக்கிங் இல்லாட்டி மண்டபத்தைப் பூட்டிப்போட்டுத்தான் இருக்கோணும். அறையை எடும் பிள்ளை. ஏலாதெண்டால் வேற ஆளைப் பாக்கவேண்டி வரும்" என்றார். நான் விலகினால் வருகிற ஆள் அந்த அறையைக் கீறவே மாட்டான். விலகாவிட்டால் என் கையாலேயே அழிக்கவேண்டும். லிப்டுக்குள் இருந்தபோது இதைத்தான் யோசித்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். உன்மேல் ஆத்திரம் ஆத்திரமாய் வந்தது. என்னை மாட்டிவிட்டுப் போய்விட்டாயே, பாவி!

ஏனென்றால் அந்தப் பேச்செல்லாம் நடக்கும்போது நீ இல்லை. வேலைக்குப் போன இடத்தில் தலையிடி என்று இருந்தவள் எழும்பவேயில்லை. உன்னைக் கொண்டுபோகும் வழியில் வாசலில் வண்டியைச் சற்று நிறுத்துவது, நடக்க ஏலாத அம்மாவை லிப்டில் இறக்கிக் காட்டுவது என்று ஏற்பாடு. அன்று காலையிலிருந்தே லிப்ட் வேலை செய்யவில்லை. எங்கள் இளம் பெடியள் அம்மாவைக் கதிரையோடு தூக்கிப் பார்த்தார்கள். படியின் முதல் வளைவிலேயே முழங்கால் நோவில் அவ கத்திய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. திரும்பவும் உள்ளே கொண்டுபோய் விட்டார்கள். உன்னை எரிக்க கிரிமற்றோரியத்தில் தந்த நேரம் தவறினால் அடுத்த குடும்பம் உள்ளே போய்விடும். "நேரம் போகுது, எடுங்கோ" என்று தலைவர் அண்ணைதான் சாரதிக்குச் சொன்னார். அந்த நேரத்தில் யாரோ ஒருவர் சொல்லத்தானே வேண்டும்.

ஒருவழியாக நேற்று லிப்ட் திருத்துகிற ஆள் வந்து கதவைத் திறந்துவிட்டான். மிச்ச மாடிகளைப் படியால் ஏறினேன். உன் அம்மா மாதிரியை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தா. கேட்காமலேயே சரியான இடத்தில் விரலை வைத்தா.

"இதுதானே அவள் கேட்ட அறை?"

"ஓம் அம்மா. ஆனா எடுக்கச் சொல்லீனம்."

அம்மா அந்த விரலை எடுக்காமலே, "அந்தப் பெடியனை இஞ்ச வரச்சொல்லு" என்றா. தலைவர் அண்ணையைத்தான். அறுபது தாண்டிய மனிதர், உன் அம்மாவுக்குப் பெடியன்! "எனக்கு இறங்க ஏலாது. அவருக்கு ஏற ஏலும்தானே?"

போன் எடுத்தேன். வந்தார். அத்தனை படியும் ஏறி, சேர்ட் நனைந்து, கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அம்மா தன்னுடைய யன்னலோரக் கதிரையைக் காட்டி அதில் இருக்கச் சொன்னா. நான் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தேன். அவர் ஒரு வாய் குடிக்கும்வரை அம்மா காத்திருந்தா.

"தம்பி, கீழ பாருங்கோ. என்ன தெரியுது?"

எட்டிப் பார்த்தார். "கார் கூரையள் தெரியுது அம்மா."

"அண்டைக்கு எனக்கும் அதுதான் தெரிஞ்சது. என்ர பிள்ளை தெரியேல்லை."

அவர் கோப்பையை என்னிடம் நீட்டினார். வாங்கி வைத்தேன். அழுகிறாரா, இன்னும் மூச்சு வாங்குகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. கீழே ரயில் ஒன்று போய் முடிந்தது. "அறை இருக்கட்டும்" என்றார். "கூட்டத்தில நான் கதைக்கிறன்." வாசலில் செருப்பைப் போடும்போது என்னைப் பார்த்து, "பேரை மட்டும் எழுதாதையும், பிள்ளை" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கேட்டாயா? நீ சொன்னதையே சொல்கிறார்!

அவர் போனபின் அம்மா மாதிரியை என்னிடம் திருப்பித் தந்தா. "நானும் ஒருநாள் இறங்கத்தானே வேணும். அண்டைக்கு என்னை அந்த அறையில வைச்சு ஆறுதலா அனுப்புங்கோ. ஒருத்தரும் நேரம் பாக்கவேண்டாம்" என்றா. சரியென்று தலையை ஆட்டினேன்.

இரவு கூட்டத்தில் தலைவர் அண்ணை சொன்னபடி கதைத்தார், அறை தப்பியது. இன்று காலை அந்த அறையைப் பசை போட்டு ஒட்டிவிட்டேன். இனிக் கழற்றினால் முழு மண்டபமும் கிழியும். வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு சொல்லும் எழுதவில்லை. கதவை மட்டும் இன்னும் கொஞ்சம் அகலமாக்கி, வாசல் படியை எடுத்துவிட்டுச் சாய்தளமாகக் கீறினேன். நீ கேட்டது பெட்டி போகும் கதவு. நான் இப்போது கீறியிருப்பது சக்கர நாற்காலியும் போகும் கதவு. உன் அம்மா அதற்குள் முதல் தரம் உயிரோடு வரவேண்டும், நீ கிடந்திருக்க வேண்டிய இடத்தில் கொஞ்ச நேரம் இருந்து அழவேண்டும். எனக்கு அது போதும்.

நேற்று உன் வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது லிப்ட் பட்டனை அமத்திப் பார்த்தேன். அசையவில்லை. அம்மா இன்னும் மேலேதான் இருக்கிறா.