எந்தக் காகிதம் வேணும்?

ஜெர்சி சிட்டி, அமெரிக்கா, 12-6-1999

என்னக் கட்டின மாமாவுக்கு,

மக வீட்டுல நாங்க எல்லாரும் சுகம். நீங்க சுகமான்னு கேக்கற மனசு இன்னிக்கு இல்லீங்க.

மாப்பிள்ளை கெவின் அயர்லாந்து புட்பால் டீமுல ஆடற பேப்பர் போட்டோவக் கேட்டு எழுதியிருந்தீங்க. அவரு கோல் போடற ஆளு இல்லீங்க. பின்னால நின்னு, வர்றவன மறிக்கிற ஆளு, நம்ம பட்டிக்குப் படல் சாத்தற மாதிரி. போன பொங்கலுக்கு நம்ம வெள்ளக் கெடாய் படலத் தாண்டிப் போயி ராமாத்தா வீட்டுச் சோளத்த மேஞ்சுச்சே, அது கெடக்கட்டும்.

அவரு பொறந்து வளந்ததெல்லாம் இந்த ஊருதான். தாத்தா அயர்லாந்துல பொறந்தவருன்னு ஒரு காகிதம் காட்டினாரு. பாஸ்போர்ட்டக் குடுத்து, "நீ எங்க பையன்"னு சேத்துக்கிட்டாங்க.

நீங்க, "வெள்ளக்காரனக் கட்டினவ எம் மகளே இல்ல"ன்னீங்க. இப்ப டீக்கடையில, "எம் மாப்ள அயர்லாந்துக்கே ஆடறாப்ல"ன்னு பீத்திக்கிறீங்களாம். நம்ம பையன் மதன் போன்ல சொன்னான். பெத்த மகளச் சேத்துக்க உங்களுக்கு எந்தக் காகிதம் வேணுமுங்க?

பேத்திக்குக் காது குத்தணும். இங்க மால்ல ஒருத்தி துப்பாக்கியாட்டம் ஒண்ண வெச்சு நொடியில குத்திடறா. நான் விடல. தாய்மாமன் மடியில உக்காத்தித்தான் குத்தணும். அந்தத் தாய்மாமன் மதன வரவிடாமத் தடுக்கறது நீங்கதான்.

போட்டோ அனுப்பல. ஆவணிக்குள்ள அவன அனுப்புங்க. இல்லீன்னா என் ரிட்டர்ன் டிக்கெட்டக் கிழிச்சுப் போட்டுட்டு, எம் மடியிலயே வெச்சுக் குத்திக்கறேன். அப்புறம் அந்த வீட்டுக்கு நானும் வரலீங்க.

இப்படிக்கு,
உங்க மகளப் பெத்தவ