காலி வண்டியில் எடுத்த அளவு

அன்புள்ள அத்தானுக்கு,

லாரியிலிருந்து நீங்கள் கழற்றி வீட்டில் போட்டுவிட்டுப் போன பழைய ஆயில் ஃபில்டரைத் துடைத்து, இந்தக் கடிதத்தோடு தம்பி செல்வநாயகத்திடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். விருதுநகர் பட்டறையை விட்டுக் கிளம்புமுன் அதையே மாட்டிவிடுங்கள்.

கோபப்படுவீர்கள், தெரியும். "ஃபில்டர பெருசா மாட்டுனா எண்ணெய் கூடப் பிடிக்கும், கல்கத்தா போய்த் திரும்புற வரைக்கும் கவலையில்ல. கீள ரெண்டு விரல் இடைவெளி இருக்கு, நானே வச்சுப் பாத்தேன்" என்றீர்கள்.

காலி வண்டியில் வைத்துப் பார்த்தீர்கள், அத்தான். பட்டாசு லோடு ஏறி ஒரு குழியில் இறங்கினால், முன் அச்சு மேலே வந்து அதை இடிக்காதா? உடைந்தால் எண்ணெய் எங்கே தெறிக்கும்? பக்கத்தில் கொதிக்கிற புகைக்குழாயில்தானே? "ஊசி போடுறவளுக்கு லாரியப் பத்தி என்ன தெரியும்" என்று சிரிக்காதீர்கள்.

இங்கே வேறு விசேஷம் இல்லை. ஆஸ்பத்திரியில் உட்கார நேரமில்லை. செவ்வாய்க்கிழமை பட்டாசு ஆலையிலிருந்து எட்டுப் பேரைக் கொண்டுவந்தார்கள். கட்டிலில் துணி விரித்தால் வெந்த உடம்போடு ஒட்டிக்கொள்கிறது என்று வாழையிலை விரிக்கிறோம். இன்று காலை மூன்று கட்டிலுக்குத்தான் இலை தேவைப்பட்டது. அதற்கு மேல் எழுத வரவில்லை.

வெள்ளிக்கிழமை நாரணாபுரத்தில் லோடு ஏற்றுமுன் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போங்கள். நெடும்பயணம் கிளம்பும் நாளில் எப்போதும் உங்களுக்கு இலை போட்டுத்தான் பரிமாறுவேன். இந்த முறை தட்டில் போடுகிறேன். ஏன் என்று கேட்காமல் சாப்பிடுங்கள்.

ஜெபத்துடன்,
உங்கள் பிரியமுள்ள மனைவி