கழுவக் கூடாத பாட்டில்

ஜாலான் புசார், சிங்கப்பூர்
14-5-1962

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

ஆற்றுநீர் குளிக்க ஏற்றதா, மீன் வாழ ஏற்றதா என்று சோதிப்பதுதான் என் வேலை. பொங்கோல் ஆற்றில் நான் எடுத்து வந்த நீரில் கிருமி அதிகம் என்று வந்ததால், பிள்ளைகளின் நீச்சல் போட்டியை நிறுத்த இருந்தார்கள். அப்போதுதான் நினைவு வந்தது. குடத்தைக் கழுவி மொள்ளும் நம் வீட்டுப் பழக்கத்தில், கிருமி நீக்கிய பாட்டிலையும் விரல் விட்டுக் கழுவியிருந்தேன். தயங்கித் தயங்கி அதிகாரி ஹனீபாவிடம் சொன்னேன்.

“நல்லவேளை, புளி போட்டுத் தேய்க்கலியே லா” என்று இந்த ஊர் ‘லா’ போட்டுச் சிரித்தவர், மறுபடி நீர் எடுக்கச் சொன்னார். இம்முறை நீர் நன்றாக இருந்தது, மீனுக்கும் குறையில்லை. நேற்று போட்டி நடந்தது. கரையில் நின்று நானும் கைதட்டினேன்.

யாராவது கப்பலேறினால் நம் சின்னச் செம்பைக் கொடுத்தனுப்புங்கள். அதையாவது ஆசைதீரக் கழுவிக்கொள்கிறேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்
சிவகாமசுந்தரி