உப்புப் பார்க்க ஆளில்லை

ஜூலை 29

காலையில் பாதிரியார் வாசலிலேயே வந்து நின்றார். மாதா திருநாளுக்கு இருபத்திரண்டு ஆடு சேர்ந்திருக்கிறதாம். ஆறு அண்டா. இந்த வருஷமும் சமையல் என் பொறுப்புதான் என்றார். படி இறங்கும்போது, "உப்பை மட்டும் கொஞ்சம் பார்த்துப் போடு, கலிரோய்" என்றார். உப்புத் தெரியாதவள் என்றுதான் நாக்ஸோஸ் தீவு முழுக்க எனக்குப் பேர். போன வருஷம் சாறு கடல்தண்ணி, அதற்கு முந்தின வருஷம் கழுநீர்.

நோன்பிருக்கிறவள் ஆட்டுச்சாற்றை நாக்கில் வைக்கக் கூடாது. பதினைந்தாம் தேதிப் பூசை முடிகிறவரை கூடாது. சமைக்கிற ஏழு பேரும் நோன்புக்காரிகள். மோந்து பார்த்து உப்புப் போட நான் என்ன நாயா?

ஆகஸ்ட் 1

நோன்பு தொடங்கிவிட்டது. கொண்டைக்கடலை, ஆலிவ், பருப்புக்கீரை. என் தங்கை எவாந்தியா இருந்திருந்தால் என் எதிரிலேயே உட்கார்ந்து பாலாடைக்கட்டி வெட்டித் தின்றிருப்பாள், கழுதை.

ஆகஸ்ட் 3

எழுதித் தொலைத்துவிடுகிறேன்.

என் தங்கை புருஷனைக் கடல் கொண்டுபோனது ஒரு நோன்பின் நாலாம் நாள். அதற்குப் பிறகு அவள் நோன்பே இருந்ததில்லை. "மாதாவே பாதியில முறிச்சுட்டா, நான் எதுக்கு முடிக்கணும்?" என்பாள். ஊரில் நோன்பில்லாத ஒரே வாய், நல்ல வாய். அதனால் அண்டாக்களுக்கு உப்புப் பார்ப்பவள் அவளே ஆனாள். கண்ணை மூடி ஒரு அகப்பை குடிப்பாள். "இன்னும் ஒரு பிடி." அவ்வளவுதான். ஒன்பது வருஷத்தில் ஒருநாளும் தப்பியதில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அண்டாக்களின் நடுவில் நின்று, "அக்காவோட நோன்பு வயித்துக்குத்தான், வாய்க்கு இல்ல" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அதற்கு நான் சொன்னேன் - "உன் வாய் இப்படி இருந்ததாலதான்டி கடல் அவனை எடுத்துக்கிச்சு."

சொன்னேன். நான்தான் சொன்னேன்.

அவள் அகப்பையை நாலாவது அண்டாவின் விளிம்பில் வைத்துவிட்டுப் போனாள். அந்த வாரமே மெல்போர்னில் இருக்கும் மகனிடம் போய்விட்டாள். அதன் பிறகு அவள் குரலைக்கூட நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 4

எனக்கு அவளைப் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 6

முதல் திராட்சையைக் கோயிலுக்குக் கொண்டுபோனேன். மந்திரிக்காமல் யாரும் வாயில் போடமாட்டோம். தோட்டத்தில் மேட்டுப் பாதி அவளுடையது. வழக்கம்போல அவள் பக்கத்துப் பழம்தான் இனிப்பு. ஒவ்வொரு நவம்பர் மூன்றிலும் பீப்பாய் திறக்கும்போது அவளுக்கும் ஒரு கிளாஸ் ஊற்றுகிறேன். பிறகு நானே அதையும் குடிக்கிறேன். ஒயினை யார் வீணாக்குவது?

ஈஸ்டருக்கு அவளுக்குக் கடிதம் எழுதினேன். நாலு தாள் கிழித்தேன். கடைசியில் போனது ஒரே வரி: "உப்புப் பார்க்க ஆளில்லை. வா." மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை. அந்த வரிக்கு இன்னும் பதில் இல்லை. எப்படி வரும்?

ஆகஸ்ட் 9

தங்கை மகன் போன் செய்தான். அம்மா பதிமூன்றாம் தேதிக் கப்பலில் வருகிறாளாம்! இன்னும் ஏதோ சொல்ல வந்தவன், "வேணாம் பெரியம்மா, அவங்களே சொல்லட்டும்" என்று வைத்துவிட்டான்.

மூன்று முறை வீடு கூட்டினேன்.

ஆகஸ்ட் 13

வந்துவிட்டாள். பாதியாகியிருக்கிறாள். இந்த வெயிலில் தலையில் இறுக்கிக் கட்டிய துணி. காற்று ஆகாது என்றாள். துறைமுகத்தில் கன்னத்தோடு கன்னம் வைத்தோம், ஊர் பார்க்கிறதே என்று.

அவளுக்காகப் பாலாடைக்கட்டி வாங்கி வைத்திருந்தேன். கடமைக்குத் தின்றாள். எப்படி இருக்கு என்றேன். நல்லாயிருக்கு என்றாள். முன்பெல்லாம் யார் வீட்டு ஆட்டுப்பால் என்றே சொல்லிவிடுவாள். என்மேல் கோபம் இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது. ஆறாதுதான். நான் பேசினது அப்படி.

ஆகஸ்ட் 15

இன்றைக்கு நடந்ததை எழுதுகிறேன். சந்தோஷமா என்னவென்று தெரியவில்லை.

காலையில் ஆறு அண்டாவும் கொதித்தன. அதே பெண்கள், அதே இடம். அகப்பையை அவளிடம் நீட்டினேன். சற்றுத் தயங்கிவிட்டு வாங்கினாள். கண்ணை மூடிக் குடித்தாள்.

"இன்னும் ஒரு பிடி."

போட்டேன். மறுபடி குடித்தாள். "இன்னும்."

போட்டேன்.

"இன்னும்."

பக்கத்தில் நின்ற ஸம்பேத்தா என் முழங்கையைக் கிள்ளினாள். என் உள்ளங்கைக்குத் தெரியாதா, அது அதிகமென்று? ஆனால் தங்கையின் முகத்தைப் பார்த்தேன். அந்தச் சாற்றில் எதையோ தேடுகிற முகம். கிடைக்காமல் பயந்துபோன முகம். இத்தனை பேர் முன்னால் இன்னொரு தரம் அவளைத் தலைகுனிய வைப்பேனா? ஆறு அண்டாவுக்கும் அவள் சொன்ன உப்பையே போட்டேன்.

பூசை முடிந்து முதல் கரண்டி வாயில் வைத்தபோது தொண்டை எரிந்தது. போன வருஷம் எவ்வளவோ தேவலை. ஊர் என்னைக் கிழிக்கப்போகிறது என்று உட்கார்ந்திருந்தேன். காப்பிக்கடை மானோலாஸ், ஐந்து வருஷமாக என்னைக் கேலி செய்தே பிழைப்பவன், ஒரு வாய் குடித்தான். அவள் தலைத்துணியைப் பார்த்தான். கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு உரக்கச் சொன்னான்: "எவாந்தியா வந்தாத்தான் சாறு சாறா இருக்கு. இன்னொரு கிண்ணம் ஊத்து." அதன்பின் முந்நூறு பேரும் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார்கள். மத்தியானத்துக்குள் நாலு பீப்பாய் ஒயின் தீர்ந்துபோனது.

ஆகஸ்ட் 16

தோட்டத்தில் வைத்துச் சொன்னாள். "வியாதி போயிடுச்சுக்கா. மருந்து நாக்கையும் கொண்டுபோயிடுச்சு. ரெண்டு வருஷமா ருசியே தெரியல. எழுதலாம்னுதான் நினைச்சேன். உப்புப் பார்க்கத்தானே கூப்பிட்டே, நாக்கு இல்லன்னா வேணாம்னுடுவியோன்னு..."

பாவி நான். அந்த ஒரு வரியை என்னவென்று எழுதித் தொலைத்தேன்!

கடல் அவனை எடுத்ததைப் பற்றிப் பேசியதற்கு மன்னித்துவிடு என்று வாய்விட்டுச் சொன்னேன். அவள் ஒரு திராட்சைக் காம்பைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு, "நேத்துச் சாறு எப்படி இருந்துச்சு? நிஜத்தைச் சொல்லு" என்றாள்.

"உப்பு வாயைக் கிழிச்சுது."

அவள்தான் முதலில் சிரித்தாள். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து, அப்புறம் அது அழுகையாகிவிட்டது. முப்பதாம் தேதிக்குத் திரும்பும் டிக்கெட் வைத்திருக்கிறாள். நான் அதைப்பற்றிக் கேட்கவில்லை.

நவம்பர் 3

பீப்பாய் திறந்தோம். இரண்டு கிளாஸ். எவாந்தியாவின் தலையில் முடி ஒரு விரற்கடை வளர்ந்திருக்கிறது. அவள் கிளாஸை விளக்குக்கு நேரே பிடித்து நிறம் பார்த்தாள். பிறகு என் பக்கம் தள்ளினாள். நான் குடித்துவிட்டுச் சொன்னேன்: முதலில் புளிப்பு, அப்புறம் உன் மேட்டுப் பழத்தின் இனிப்பு, கடைசியில் நாக்கில் கொஞ்சம் கல்லின் ருசி.

"ரொம்பப் புகழ்றே. பொய் சொல்றே. மறுபடி குடிச்சுட்டுச் சொல்லு."

மறுபடி குடித்தேன்.