கோலில் நின்று வாங்க என்றவன்

இன்று காலை பரணிலிருந்து, நீ என்னிடம் கொடுத்துவைத்த உன் பேடுகளை இறக்கினேன். ஹாக்கியில் கோல் காக்க நிற்கும்போது நீ காலில் கட்டிக்கொண்ட அதே ஜோடி. தோல் வெடிக்கக் கூடாதென்று நீ பூசிய விளக்கெண்ணெய் வாடை இன்னும் போகவில்லை. என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

யுத்தத்துக்கு முன்பு சேலத்து மில்லில் நம்மைச் சேர்த்ததே டீமில் ஆடத்தான். பேருக்கு நீ காவல்காரன், நான் கிடங்கு ஆள். நீ காத்ததெல்லாம் கோலைத்தான், அதையும் சுமாராக. வெண்ணந்தூரில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்த உன்னை, பாதிக் கோலை உடம்பே மறைத்துவிடும் என்று மேனேஜர் பிடித்துவந்தார்.

முதல் ஆட்டத்திலேயே உன் குணம் தெரிந்துவிட்டது. எதிரணி ஆள் பந்தோடு பாய்ந்து வர, நீ மட்டையைத் தாழ்த்தி, முகம் மலர்ந்து, "வாங்க, வாங்க" என்றாய். வந்தான். கோல் போட்டான்.

"பந்தைத் தடுக்கச் சொன்னா ஆளைக் கூப்புடறயேப்பா" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"நம்ம வாசலுக்கு வர்ற மனுசனை வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்காம எப்படிப்பா நிக்கறது?"

நம் பக்கத்தில் அப்படிக் கேட்காமல் விட்ட பகை பேரன் காலம் வரை போகும். உனக்குக் கோல் கம்பமும் வாசற்கால்தான். அடுத்த ஆட்டத்திலிருந்து உன் வாயில் துண்டைக் கட்டினோம். அதன்பிறகு நீ கோலே விடவில்லை என்று எழுத ஆசைதான். கொஞ்சம் குறைந்தது.

பிறகு ஈரோட்டு அணியோடு ஆட்டம். தோற்றால் டீமைக் கலைத்துவிடுவேன், எல்லாரும் ஊருக்கு நடையைக் கட்டலாம் என்றார் மேனேஜர். உனக்கோ அப்போதுதான் பெண் நிச்சயமாகியிருந்தது, அதுவும் மில் வேலையை நம்பி.

ஆட்டம் முடியப்போகிறது. இருபக்கமும் கோல் இல்லை. எதிரணியின் திருச்செங்கோட்டுக்காரர் தனியாகப் பந்தோடு வருகிறார். தடுக்க வேண்டிய நான் வழுக்கிக் குப்புறக் கிடக்கிறேன். நீ துண்டைக் கழுத்துக்கு இறக்கினாய்.

"வாங்க மாப்பிள்ளே. ஊட்டுல எல்லாருஞ் சௌக்கியமுங்களா?"

அவரும் நம் பக்கம் வளர்ந்தவர்தானே. கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் தாண்டிப்போக அவருக்குக் கால் வரவில்லை. "சௌக்கியமுங்க" என்று நின்றுவிட்டார். பந்து மட்டும் உருண்டுவந்து உன் பேடில் முட்டியது. நீ அதை உதைத்தாய். விசில் அடித்துவிட்டார்கள். வேலை தப்பியது, கல்யாணமும் நடந்தது.

அன்று அவர் மட்டையோடு உன்னிடம் வந்தபோது அடி விழப்போகிறது என்றே நினைத்தேன். "ஏனுங்க, இது நியாயமுங்களா?" என்றுதான் கேட்டார்.

"வாங்கன்னு கேட்டாச்சு, சாப்பிடாமப் போகக் கூடாதுங்க" என்று இழுத்துப்போய் அரிசிபருப்புச் சோறு போட்டாய். நெய் விடும்போதும் அவர் முறைத்தார். ஆனால் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு உன் வீட்டு விசேஷம் எதிலும் அவர் இல்லாமல் இருந்ததில்லை.

போன மாதம் உன்னைத் தூக்குவதற்கு முன் அவரும் நானும் வந்தோம். சாவு வீட்டில் யாரையும் வாங்க என்று கேட்பதில்லை. தெரிந்ததுதான். ஆனாலும் உன் வாசலிலேயே நின்றுவிட்டோம்.

"கேக்க ஆளில்லாம உள்ள போகக் காலு வரலீங்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இன்று பேடுகளை இறக்கியதும் அவர் பார்க்க வருவதாகச் சொன்னதால்தான். இதைப் பாதி எழுதியிருக்கும்போதே படலைத் திறக்கும் சத்தம் கேட்டது. பேடுகளை வாசற்கால் ஓரம் சாத்திவிட்டு நான் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டேன்.

"வாங்க மாப்பிள்ளே. ஊட்டுல எல்லாருஞ் சௌக்கியமுங்களா?"

அன்று போலவே அப்படியே நின்றார். பேடுகளைப் பார்த்துத்தான் "சௌக்கியமுங்க" என்றார்.