போனில் கேட்ட குரல்

என்னங்க,

நான் கூப்பிட்டால் எடுக்க மாட்டீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். கோபத்தில் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

நேற்று தையல் கம்பெனியிலிருந்து வீட்டுக்குப் போன் செய்தேன். கரகரவென்று ஓர் ஆம்பளைக் குரல் "ஹலோ" என்றது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீங்கள்தான் என்று நினைத்து, "எப்ப வந்தீங்க?" என்று கேட்டுவிட்டேன். "அம்மா, நான்தாம்மா" என்றான் நம் பையன்.

அதிலிருந்து என்னிடம் பெரும்பாலும் தலையாட்டல்தான். அதற்கு முன்னால், போன வாரமே தன் பெட்ஷீட்டைத் தானே துவைத்துக் காயப்போட்டான். பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று மாடிவீட்டு அக்காவிடம் பெருமையடித்தேன். அவர் சிரித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவனும் பக்கத்தில்தான் நின்றிருந்தான்.

நேற்று ராத்திரி, "எல்லாருக்கும் வர்றதுதான்டா" என்று ஆரம்பித்தேன். "என்னம்மா வர்றது?" என்றான். "மீசை" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்கு யார் சொன்னார்கள்? எப்படிச் சொன்னார்கள்?

நம் சண்டை அப்படியே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை கூப்பிடுங்கள். அவன்தான் எடுப்பான். யாரோ ஆம்பளை என்று நினைத்து வைத்துவிடாதீர்கள்.

உங்கள் பையனின் அம்மா